அஞ்சலிப் படம்

கோவளம் மீனவர்களின் அவசர உதவி வாட்ஸ்அப் குழுவை பிரிசில்லாதான் பார்த்துக்கொள்கிறாள். கடலோரக் காவலர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் அதில் இருக்கிறார்கள். ஆபத்துச் செய்தி தவிர வேறு எது வந்தாலும் அழித்துவிடுவாள். கணவன் சாலமோனின் நினைவு நாளன்று கொழுந்தன் ஜான்சன் கண்ணீர் அஞ்சலிப் படம் போட்டான். அதையும் அழித்தாள்.

உடனே போன் வந்தது. "இன்னா அண்ணி, அண்ணன் மூஞ்சியவே அழிச்சிட்ட! உனக்கு இன்னா கல்லு மனசா?"

"அவரு படகு கவுந்த சேதி, யாருக்கோ போட்ட பொறந்தநாள் வாழ்த்துங்களுக்கு அடியில கெடந்துச்சு ஜான்சன். ஒருத்தரும் பாக்கல. இன்னொருத்தி புருசன் சேதி இவரு படத்துக்கு அடியில கெடக்கக் கூடாது."

"தெரியாம போட்டுட்டேன் அண்ணி," என்றான்.

"படத்த எனக்கு மட்டும் அனுப்பு," என்றாள்.

குழுவில் அதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்திருந்தன. ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.