மாமனாரின் வயிறும் மூன்று டம்ளர் அரிஷ்டமும்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த சமயத்தில், கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மாமனார் ஊர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். வடசேரிச் சந்தையில் பெட்டி மேல் ஏறி நின்று அவர் சாராயத்தைத் திட்டினால், குடித்துவிட்டு வந்தவர்கள்கூடக் கைதட்டுவார்கள்.

என் கண்முன்னே அவர் வயிறு பெருத்தது. செழிப்பு என்றது ஊர். உள்ளங்கை சிவந்தது. லட்சுமி கடாட்சம் என்றார் ஜோசியர். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போனபோதுதான் என் மாமியாருக்குப் பயம் வந்தது. மூவரும் பஸ் ஏறி நாகர்கோவிலில் ஓர் ஆசுபத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “குடிப்பியளா?” என்றார்.

“சிவ சிவா! நான் மதுவிலக்குச் சங்கத் தலைவராக்கும்!”

“அரிஷ்டம் மட்டுந்தான் டாக்டரே,” என்றார் மாமியார் வெள்ளந்தியாக. “பசிக்க ஒரு டம்ளர், செரிக்க ஒரு டம்ளர், மீட்டிங்குக்கு முன்ன தொண்டைக்கு ஒரு டம்ளர். மருந்துலா?”

“அரிஷ்டமும் புளிக்க வச்ச சரக்குதான். ஒரு அவுன்ஸ் குடிச்சா மருந்து, டம்ளர் கணக்குல குடிச்சா சாராயம்.”

மாமனார் சுவரைப் பார்த்தார். டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

“ஈரல் கல்லா இறுகிப் போச்சு. குடல்ல இருந்து வாற ரத்தத்துக்கு அதுக்குள்ள வழியில்ல. மடையை அடைச்சா வெள்ளம் கரையேறும்லா? அப்படித்தான் வயித்துல நீர் கட்டியிருக்கு. வரத்தாவது குறையணும், அதுவும் இல்ல. வயித்து ரத்தக்குழாய் எல்லாம் தளர்ந்து விரிஞ்சு கெடக்கு. சுருங்குன்னு உடம்பு சொன்னாலும் கேக்காது.”

“எங்க சங்கத்து ஆளுவ மாதிரி,” என்றார் மாமனார்.

ஊசி குத்தி நீரை வடித்தார்கள். ஒட்டிய வயிற்றோடு ஊர் திரும்பியதும், “வீடு நொடிச்சுப் போச்சா?” என்று பக்கத்து வீட்டார் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள். சங்கத்தாரோ, கொள்கைக்காக உண்ணாவிரதம் கிடந்து இளைத்த தலைவர் என்று மாலை போட்டார்கள். மாமனார் மறுக்கவில்லை, கழுத்தை நீட்டினார்.

அரிஷ்டத்தை விட்டுவிட்டார். டாக்டர் ஆகாதென்ற உப்பை விடத்தான் முடியவில்லை. உப்பில்லாத சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சிறுபிள்ளை போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்து மாமியாரும் தனக்கு உப்பில்லாமலே போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மாமியார் உண்டால் மாமனாரும் உண்பார்.

வயிறு மறுபடி மறுபடி நிறைந்தது. இரண்டு அறுவடை தாங்கினார். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, முதல் முறையாக மாமியாருக்கு உப்புப் போட்ட குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்துவிட்டு, “கரிக்குது மக்கா,” என்றார்.