பாணியும் பானியும்

எங்கள் வீட்டில் உருது பேசுவோம். தண்ணீர் எங்களுக்கு பானி. ஆம்பூர்த் தெருவில் நான் பேசிப் பழகிய தமிழில் மாடல் உண்டு, டிசைன் உண்டு. பாணி என்றொரு சொல் இருப்பது முப்பது வயதுவரை எனக்குத் தெரியாது. படித்ததும் உருதுப் பள்ளியில்தான்.

அப்போது ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. டிசைன் பிரிவில் ஓர் இடம் காலியானது. நான் கிறுக்குவதைப் பார்த்திருந்த மேனேஜர் கூப்பிட்டு, "உங்க பாணியில ஒரு படம் வரைஞ்சி எடுத்துட்டு வாங்கம்மா, பாக்கலாம்" என்றார். சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வருகிறார், கழிவுநீரைப் பற்றிக் கேட்பார் என்று அந்த வாரம் முழுக்கத் தண்ணீர்ப் பேச்சுதான். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எங்கள் தண்ணீரை வரைந்தேன். தோல் கழிவு இறங்கிய கிணற்றில் இறைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் தெளியவைத்த தண்ணீர். மேலே மஞ்சள், நடுவில் டீ நிறம், அடியில் கறுப்பு. அதற்குள் அம்மாவின் கை, விரலிடுக்கெல்லாம் சொறி. அம்மா மூன்று நாள் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரை எதையாவது பார்த்துப் பூப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். இதில் கை தானாக ஓடியது.

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"நீங்கதான சார் எங்க பானிய வரையச் சொன்னீங்க?"

சிரித்துவிட்டார். "பாணின்னா தண்ணி இல்லம்மா, ஸ்டைல். பாத்ததும் இது இவங்க வரைஞ்சதுன்னு தெரியணும். அதான் பாணி." சிரிப்பு அடங்கியதும் தாளைக் குப்புறப் போட்டு மேசை டிராயருக்குள் தள்ளினார். "பையர் வர்ற நேரம். இத யார்கிட்டயும் காட்டாதீங்க. வேற போட்டு எடுத்துட்டு வாங்க."

அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலண்டரைப் பார்த்து ஒரு மல்லிகைக் கொடி போட்டுக் கொடுத்தேன். "பாருங்க, இதான் உங்க பாணி" என்றார். வேலை கிடைத்தது.

முதுகு வலி இப்போது இல்லை. எட்டு வருடமாகப் பெண்கள் செருப்புக்குக் கொடிகள் வரைகிறேன். நாலு பேர் வரைந்ததோடு கலந்துவிட்டால் என்னுடையது எது என்று எனக்கே தெரியாது. அந்தத் தாளைத் திருப்பிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்காக என் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அம்மா ஒருமுறை கேட்டாள், "என் கைய வரைஞ்சியே, அத இன்னா பண்ணாங்க?"

"ரொம்ப புடிச்சிருந்துதாம், அவங்களே வெச்சிக்கிட்டாங்க" என்றேன். அவள் சந்தோஷமாகக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.