இட்லிப் பானை ஆவியில் இறகுப்பந்து

மாலை ஆறேகால். தொலைக்காட்சியில் சர்வதேச இறகுப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். சமையலறையில் இட்லிப் பானை ஆவி விட்டதும் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எங்கள் ஓசூர் வீட்டில், இறகு ஒடியாமலிருக்க அக்கா தான் ஆடும் பந்துகளை இட்லிப் பானை ஆவியில்தான் காட்டுவாள்.

"இட்லியில கோழி வாசம் அடிக்குது" என்பார் அப்பா.

"கோழி இல்லப்பா, வாத்து இறகு" என்பாள் அக்கா.

பெங்களூரில் வெளிநாட்டார் ஆடும் வருடாந்தரப் போட்டியைப் பார்க்க அவள் கிளம்பிய காலையில், அவளைப் பிரிய மனமில்லாமல் எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அக்கா பையை இறக்கி வைத்தாள்.

"அழுவாதடி. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் போலாம்."

அடுத்த போட்டிக்கு முன்பே விஷக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. என் பொய்யை அவளிடம் சொல்லவேயில்லை.

இன்று ஆட்டம் முடியும்வரை பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை.