தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டேன்

நண்பர்களே, வென்றுவிட்டோம்! நம் மன்றத்தின் மாணவர் பேச்சுப்போட்டிக்கான பதிவுப் பக்கம் இயங்குகிறது!

இன்று மாலை ஐந்து மணிக்குத் திறப்பதாக ஊருக்கே அறிவித்திருந்தேன். பக்கத்தை இயக்கும் வலைவழங்கி மென்பொருளை அதன் மூலநிரலிலிருந்து நானே தொகுத்தேன், அதாவது கம்பைல் செய்தேன். பக்கம் அழகாய்த் தோன்றியது. ஆனால், சோதனைக்கு இட்ட பெயர் எதுவும் சேமிக்கப்படவில்லை. மணியோ நான்கு!

மென்பொருள் பொறியாளரான தங்கை கவிதாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அண்ணே, கம்பைல் பண்றப்போ டேட்டாபேஸ் வேணும்னு சொன்னீங்களா?"

"இல்லையம்மா. அதுதான் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே!"

"இருந்தா போதுமா? மேடையில டத்தோ பட்டம் வாங்கின பிரமுகர் உட்கார்ந்திருக்காரு. நீங்க பேரு சொல்லிக் கூப்பிடாம அவரா எந்திரிச்சு வந்து பேசுவாரா லா? பேரு போட்டு மறுபடியும் கம்பைல் பண்ணுங்கண்ணே!"

மன்ற மேடைகளில் அறிவிப்பாளராக எத்தனை டத்தோக்களை விளித்த நாக்கு இது! தொகுப்புக் கட்டளையில் தரவுத்தளத்தின் பெயரைச் சேர்த்து, முதலிலிருந்து தொகுத்தேன். திரையில் வரிகள் ஓடி முடியும்வரை நாற்காலியில் அமரவே முடியவில்லை.

ஐந்து மணிக்கு, கடலுக்கு அப்பாலுள்ள பாலிக் புலாவ் ஊர் மாணவி ஒருத்தியின் பெயர் பதிவானது. வீட்டில் தனியாக நின்று கைதட்டினேன்!

இந்நேரம்வரை அந்த ஒரே பெயர்தான். இனி வலைவழங்கிமீது பழிபோடவும் வழியில்லை. நம்மூர்ப் புக்கிட் மெர்தாஜாம் பெற்றோரே, உங்கள் பிள்ளைகளைப் பதிகிறீர்களா, இல்லை முதற்பரிசை அவளுக்கே போட்டியே இல்லாமல் கொடுத்துவிடட்டுமா?