வெந்நீர் அண்ணி

எதற்கெடுத்தாலும் அடுப்பில் வெந்நீர் வைப்பதால் கொழுந்தன் அவளுக்கு வைத்த பெயர் அது. தலைவலிக்கு வெந்நீர், துணிக் கறைக்கு வெந்நீர். குளிர்காலத்தில் குஞ்சு வந்து இறங்கினால் வெந்நீர்ப் பாட்டில்களைச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைப்பாள். புருஷன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்ற, வீட்டுக்குப் பின்னாலிருந்த கறிக்கோழிக் கொட்டகைதான் அவளுக்கு உலகம். சொன்னால் சிரிப்பார்களே என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் மக்காச்சோளம் கிடைக்காமல் தீனியில் கோதுமையைக் கூட்டினார்கள். வந்தது வினை. கோழிகள் பிசின் மாதிரி கழிந்தன. கீழே பரப்பிய உமி சேறானது. நெடி கண்ணைக் கரித்தது. ஈரத்தில் நின்று நின்று கோழிகளுக்கு உள்ளங்காலெல்லாம் புண்.

"அண்ணி, இந்தத் தடவையும் இதே கதின்னா கொட்டகையை மூடிட்டு குடோனுக்கு வாடகைக்கு விட்டுடலாம். அண்ணன்கிட்ட பேசிட்டேன்," என்றான் கொழுந்தன். அவள் அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே டாக்டரம்மா என்சைம் என்று ஒரு பொடி கொடுத்து, தண்ணீரில் கரைத்துத் தீனிமேல் தெளிக்கச் சொன்னார். அண்ணி சும்மா இருப்பாளா? மருந்தாயிற்றே என்று தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, பயபக்தியோடு கரைத்துத் தெளித்தாள். நாள்தான் போனது, சேறு போகவில்லை. கடைசியில் டாக்டரம்மாவையே கையோடு அழைத்து வந்தாள். அடுப்பைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கொதிக்கிற தண்ணியிலயா கரைச்சீங்க? போச்சு! அவ்வளவு சூடு பட்டா அதோட சக்தியே போயிடும்மா. கொஞ்சம் கோதுமை மாவுல பசை காய்ச்சுங்க, காட்டுறேன்."

காய்ச்சிய பசை கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இரண்டு டம்ளரில் ஊற்றினார்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீரில் கரைத்த பொடி. மற்றதில் அண்ணியின் வெந்நீரில் கரைத்தது. கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கதை பேசினார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தால், அண்ணியின் டம்ளரில் பசை அசையவில்லை. மற்றது தண்ணீராக ஓடியது.

அண்ணி இரண்டு டம்ளரையும் மறுபடி சாய்த்துப் பார்த்தாள். ஒரு சிட்டிகைப் பொடி! அதற்கு இவ்வளவு வேலை தெரியுமா? உடம்பு சிலிர்த்துவிட்டது.

"கோழி வயித்துலயும் கோதுமை இப்படித்தான் பசையா நிக்குது. இது அதை வெட்டி விட்டுடும். அப்புறம் தீனி செரிக்கும், எச்சம் இறுகும்."

"அதுக்குச் சூடு வேணாமா டாக்டரம்மா?"

"கோழியோட உடம்புச் சூடே போதும்."

அழுகிய உமியை வாரிக் கொட்டிப் புதிதாகப் பரப்பினாள். பச்சைத் தண்ணீரில் கரைக்க மட்டும் மனசு கேட்கவில்லை. கொதிக்கவைத்து, நன்றாக ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து கரைத்தாள்.

சில வாரம் கழித்து, குடோனுக்கு அளவெடுக்க டேப்போடு வந்தான் கொழுந்தன். உமிமேல் மண்டியிட்டு அளந்துவிட்டு எழுந்தவன், முழங்காலைத் தட்டிப் பார்த்தான். ஈரமே இல்லை. ஒரு பிடி அள்ளினான். பொலபொலவென உதிர்ந்தது.

அண்ணி மடியில் ஒரு கோழியை வைத்து, அதன் அடிவயிற்றில் உள்ளங்கையைப் பதித்திருந்தாள்.

"தம்பி, இங்க கையை வச்சுப் பாரு."

வைத்தான். வெதுவெதுவென்று இருந்தது.

"அடுப்பில்லாம சமையல் நடக்குது உள்ள," என்றாள். கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷம் கையில தூக்கியிருக்கேன், தெரியலையே எனக்கு."

அவன் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான்.

"அடுத்த குஞ்சுக்குச் சொல்லிடவா, அண்ணி?"