நீலத் தொப்பி காத்த கிணறு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் போர் மூண்டது. எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கும் பொதுவான கிணற்றைத் தம் பக்கம் சேர்த்து வேலி போட அவர் குழி தோண்டத் தொடங்கினார். வேலி எழுந்தால் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. அப்பா நில அலுவலகத்தில் மனு கொடுத்தார். அளக்க ஆள் வர ஒரு வாரம் என்றார்கள். அலுவலகங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது மின்னல் வேகம்.

அப்போது மாமா விடுப்பில் வந்தார். காங்கோவில் சண்டையை நிறுத்த உலக நாடுகளின் சபை அனுப்பிய படையில், நம் நாட்டுச் சிப்பாயாகப் போய்த் திரும்பியவர். தாய்மாமன், அதிலும் ராணுவத்தான். அம்மா பாதி வென்றுவிட்டாள்.

மாமாவோ முதலில் பெரியப்பாவிடம் போய், நடுவில் நிற்க அனுமதி கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு அந்தப் படையில் கொடுத்த நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றார். இரு வீட்டாரும் தண்ணீர் எடுக்கலாம், யாரும் தோண்டக்கூடாது என்றார்.

"யாரு கிணறுன்னு சொல்லுடா!" என்றாள் அம்மா.

"அத அளக்க வர்றவரு சொல்லுவாருக்கா."

"அக்காவுக்காகப் பேச வாயில்ல. காங்கோக்காரன் சண்டைய நிறுத்தப் போயிட்டாரு!"

அந்தச் சபையின் விதிகளைப் பிற்காலத்தில் படித்தேன். இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும், ஒரு பக்கம் சாயக்கூடாது, தற்காப்புக்கன்றிச் சுடக்கூடாது. மூன்றாவது விதி மாமாவுக்கு எளிது. துப்பாக்கியே இல்லை.

மூன்றாம் நாள் பெரியப்பா மண்வெட்டியோடு வந்தார்.

"மச்சான், வெயில்ல கருவாடா போயிடுவீங்க. உள்ள போங்க லா."

மாமா நகரவில்லை. மண்வெட்டி உயர்ந்தது. நான் கல்லை எடுத்தேன். மாமா அந்த மண்வெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, என் கையைப் பிடித்தார்.

"நீ எறிஞ்சா நானும் உங்க ஆளுதான்டி. அப்புறம் நான் எதுக்கு இங்க?"

கல் விழுந்தது. பெரியப்பா அந்த முதுகையே சற்று நேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அளப்பவர் சொன்ன நாளில் வந்தார். அளவுச் சங்கிலியை இழுத்து, கிணறு பொது என்று எழுதினார். இரு வீட்டாரும் போட்டி போட்டுக்கொண்டு அவருக்குக் கோப்பி கொடுத்தார்கள். மாமா சும்மா நின்றதைத் தவிர என்ன செய்தார் என்றுதான் நானும் நினைத்தேன். அன்று மண்வெட்டிக்கு முன்னால் என் கையைப் பிடித்தபோது அவர் விரல்கள் நடுங்கியிருந்தன. காங்கோவில் பிடித்த காய்ச்சல் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவருக்குக் கஷாயம் வைக்கும்படி அம்மாவிடம் சொன்னேன்.