எந்தப் பக்கத்தைப் பிடித்துக் கொடுப்பது

1. வெள்ளிக்கிழமை பின்னேரம் கென்ட் பக்கத்துக் காடு ஒன்றில் கூடாரம் அடித்தோம். அண்ணன், அண்ணி, நான், என்னோடு வேலை செய்யும் மூன்று பேர்.
2. சனிக்கிழமை காலை புதிய கோடாலியால் நான் விறகு பிளந்தேன்.
3. தானும் பிளந்து பார்க்க வேண்டும் என்று அண்ணி கேட்டார்.
4. கோடாலி கைமாறும்போது அண்ணியின் பிடி வழுக்கியது.
5. அவருடைய இடது உள்ளங்கையில், கட்டைவிரலின் அடியில் வெட்டு விழுந்தது. தசைநார் அறுந்தது.
6. துவாயால் இறுக்கிக் கட்டி, நாற்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வீட்டுக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை இதை எழுதினேன். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரயில் பாதைகளில் திருத்த வேலை நடக்கும்போது என்னென்ன பிழை நேரலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவது என் தொழில். பிழை நேர்ந்துவிட்டால் நடந்ததை இலக்கமிட்டு எழுதுவதும் நான்தான். எழுதினால் மனம் ஒழுங்காகும் என்று நினைத்தேன்.

ஆறு வரிகளில் ஐந்து சரி. நான்காவது பொய்.

அந்தக் கோடாலியைத் தெரிவு செய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கைக்கு அடக்கமான பதினொரு கோடாலிகளை ஓர் அட்டவணையில் போட்டேன். தலையின் எடை, பிடியின் நீளம், உருக்கின் கடினம், பிடி மரத்தில் ரேகை நேராக ஓடுகிறதா, தோல் உறை இறுக்கமாக மூடுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்தேன். கணக்குப்படி முதலாவதாக வந்தது ஒரு சாதாரணக் கோடாலி. ஒரு பக்கம் வெட்டும் வாய், மறுபக்கம் தட்டையான முதுகு.

எனக்குப் பிடித்திருந்தது வேறொன்று. இரண்டு பக்கமும் வாய் உள்ள சின்னக் கோடாலி. ஒரு வாய் மெல்லியது, வெட்டுவதற்கு. மற்றது சற்றுத் தடித்தது, கணு விழுந்த விறகைப் பிளப்பதற்கு. முகாமுக்கும் வேட்டைக்கும் ஏற்றது என்று விற்பவர்கள் எழுதியிருந்தார்கள். படத்தில் அது பறக்கப் போகிற ஏதோ ஒன்றைப் போல இருந்தது. ‘ஒன்றில் இரண்டு வேலை’ என்று அட்டவணையில் ஒரு புதிய நிரலைச் சேர்த்தேன். அப்போதும் அது இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த நிரலுக்கு மட்டும் புள்ளியை மும்மடங்காக்கினேன். முதலாவதாக வந்தது. வேலையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் அண்ணனும் அண்ணியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். குசினி மேசையில்தான் இந்த ஆராய்ச்சி எல்லாம் நடந்தது. அண்ணன் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தான்.

“வேட்டைக்கோ? உவள் எதை வேட்டையாடப் போறாள்? பின்வளவு நரியையோ?”

“அது பாவம், எங்கட குப்பை வாளியைக் கிண்டிச் சீவிக்குது,” என்றார் அண்ணி. தேத்தண்ணிக் கோப்பையோடு குனிந்து படத்தைப் பார்த்தார். “இதுக்கு முதுகு இல்லையே.”

“ரெண்டு பக்கமும் வாய், அண்ணி. அதுதான் இதில விசேஷம்.”

“அப்ப எந்தப் பக்கத்தைப் பிடிச்சு ஒராளிட்டக் குடுக்கிறது?”

“நீங்கள்தான் கத்தரிக்கோலையே கையில குடுக்க மாட்டீங்களே!”

“ஓம், குடுக்க மாட்டன். கீழ வைச்சா எடுக்கிற ஆளுக்கு என்ன, கையோ தேயுது?”

கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் எதையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பலர் மறந்துபோன அதை அண்ணி விடவில்லை. கோடாலிப் பார்சல் வந்த நாள் வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். வயதை உறுதிப்படுத்த அடையாள அட்டையைக் காட்டியவர், பெட்டியைக் கையில் வாங்காமல் வாசல் மிதியடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். “கொண்டுவந்தவன் என்னை ஒருமாதிரிப் பாத்தான். பாக்கட்டும்,” என்றார்.

மறுநாள் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் அதை நான் கதையாகச் சொன்னேன். அண்ணியின் குரலை ஆங்கிலத்தில் நடித்துக் காட்டினேன். மிதியடியைச் சுட்டும் விரலைக்கூடக் காட்டினேன். மூன்று பேரும் நன்றாகச் சிரித்தார்கள். அவர்களைத்தான் முகாமுக்கும் அழைத்திருந்தேன்.

புறப்பட முன்னர் எல்லோருக்கும் பதினான்கு வரியில் ஒரு பாதுகாப்புப் பட்டியல் அனுப்பினேன். மூடிய சப்பாத்து போட வேண்டும். விறகு பிளப்பவரிடமிருந்து இரண்டு கை நீளம் தள்ளி நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் உறையை மாட்ட வேண்டும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கோடாலி எப்படிப் போக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு ஷிப்ட் முடிந்து மற்றது தொடங்கும்போது, பொறுப்பு கைமாறும் அந்த நேரத்தில்தான் அதிக கவனம் வேண்டும் என்று புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பவள் நான்.

அந்தச் சனிக்கிழமை காலை அண்ணன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். மற்ற மூவரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அண்ணி வேண்டிய தூரம் தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இஞ்ச தாரும் பாப்பம், நானும் ரெண்டு போடு போடுறன்.”

நான் நிமிர்ந்தேன்.

“கீழ வையும். எடுக்கிறன்.”

மூன்று பேரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அண்ணியின் விரல் நிலத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. நான் நடித்துக் காட்டிய அதே விரல். நான் அவர்கள் பக்கம் திரும்பி, “நான் சொன்னேன் அல்லவா?” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லிக்கொண்டே, தலைக்குச் சற்றுக் கீழே பிடித்திருந்த கோடாலியை, பிடியின் நுனி அண்ணி பக்கம் இருக்கும்படி நீட்டினேன். முதுகுள்ள கோடாலி என்றால் தலையையே பிடித்துக்கொண்டு நிதானமாகக் கொடுக்கலாம். இதில் என் விரல்களுக்கு மேலே இரண்டு பக்கமும் வாய். அண்ணி தயங்கி வலது கையை நீட்டினார். அவருடைய விரல்கள் பிடியைச் சுற்றி மூடுவதற்குள் நான் விட்டுவிட்டேன். நான் அவர்களுடைய சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாரமெல்லாம் தலையில். அது கீழே சரிந்தது. விழுகிற எதையும் பிடிக்கப் போவதுபோல அண்ணியின் இடது கை தானாகப் போனது.

ஆஸ்பத்திரியில் தாதி எப்படி நடந்தது என்று கேட்டாள். அண்ணி வாய் திறப்பதற்கு முன்னரே நான் பதில் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவள் என்ற உரிமை எனக்கு இருந்தது. கோடாலியை வாங்கும்போது இவருக்குக் கை வழுக்கிவிட்டது என்றேன். அண்ணன் அருகில் நின்றான். தாதி அண்ணியைப் பார்த்து, அப்படியா என்று கேட்டாள். விமான நிலையச் சமையற்கூடத்தில் நான்கு வருடமாகச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குபவர் அண்ணி. சூப்பர்வைசர்களோடு ஆங்கிலத்தில் வாதாடுபவர். நான் சொன்னது அவருக்கு ஒரு சொல் மிச்சமில்லாமல் விளங்கியது. என்னை ஒருமுறை பார்த்தார்.

“யெஸ்,” என்றார்.

அதன் பிறகு ஏழு வாரம் அண்ணன் அவரைக் குறை சொல்லிப் பேசினான். அவருடைய கையை மட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், வேலை இல்லை, தலைமயிர் கட்டவும் நான் வேண்டியிருந்தது. “தெரியாத வேலைக்கு ஏன் போறீர்? சும்மா ஒரு பக்கத்தில இருந்திருக்கலாமே?” என்பான். அண்ணி, “சரியப்பா, விடுங்கோ,” என்பார். நான் சிங்கில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நிற்பேன். ஏற்கெனவே கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவியிருக்கிறேன். நாளை சொல்லலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பொய் இன்னொரு நாள் மூத்தது.

எட்டாவது வாரம் அண்ணியை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. சமையற்கூடத்தில் கத்திகளுக்கு நடுவே வேலை. அதனால் காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதித் தந்தால்தான் திரும்ப ஷிப்ட் கொடுப்பது பற்றி யோசிப்பார்களாம்.

“நீ எழுதி வைச்சிருக்கிறாய்தானே,” என்றான் அண்ணன். “வடிவா நம்பர் போட்டு. அதையே அனுப்பிவிடு.”

அதே குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணி எதிரே இருந்து வலது கையால் பயற்றங்காயை முறித்துக்கொண்டிருந்தார். நான்காவது வரியில் வந்து நின்றேன். அதை அப்படியே அனுப்பினால், கூரான பொருளைப் பிடிக்கத் தெரியாதவர் என்று அண்ணியைப் பற்றி நானே எழுதிக் கொடுத்ததாகும். கீழே வையும் என்று சொன்ன ஒரே ஆளைப் பற்றி.

அந்த வரியை அழித்துவிட்டு எழுதினேன். எழுதியதை அண்ணனுக்கு வாசித்தேன்.

“நாலு. கோடாலியைக் கீழே வைக்கும்படி அவர் கேட்டார். நான் வைக்கவில்லை. சக ஊழியர்களைச் சிரிக்க வைப்பதற்காகக் கையில் நீட்டினேன். அவர் சரியாகப் பிடிக்க முன்னர் கையை எடுத்துவிட்டேன்.”

அண்ணன் அண்ணியைத்தான் முதலில் பார்த்தான். “உண்மையோ?”

“இப்ப அதுக்கென்ன,” என்றார் அண்ணி.

“இவ்வளவு நாளும் நான் உம்மை எல்லே பேசினனான்?”

“ஓம். பேசினீங்கள்தான்.” அவர் பயற்றங்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆஸ்பத்திரியில அவளின்ர முகத்தை நீங்கள் காணேல்லை. நான் கண்டனான். ரெண்டு நாளில தானாச் சொல்லுவாள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

ரெண்டு நாள் என்று அவர் சொன்னது என்னைக் குத்துவதற்காக அல்ல. அது எனக்குத் தெரியும். அண்ணன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் எழுந்து பின்வளவுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

கடிதம் போய் மூன்று வாரமாகிறது. ஏஜென்சி அண்ணிக்கு ஷிப்ட் தருவதாகச் சொல்லியிருக்கிறது, கத்தி இல்லாத பகுதியில், கை சரியானதும். கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்கிறார்கள். மோதிர விரல் வரை வருகிறது. சுண்டுவிரலை இன்னும் தொடவில்லை, தொடாமலே போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வேலையிடத்தில் அந்த மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டேன், அண்ணியைப் பற்றி நான் சொன்ன கதைக்கு மன்னிப்பும் கேட்டேன். அண்ணியிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், அந்த மூன்று பேரிடம் அவரைப் போல நடித்துக் காட்டியதையும் சொல்ல வேண்டிவரும். கோடாலி உறையோடு பின்வளவுக் கொட்டிலில் இருக்கிறது. அண்ணன் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறான். அண்ணி எப்போதும்போலப் பேசுகிறார்.